சங்கம் முதலில், ஆஸ்பத்திரி அப்புறம்: கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை, ஒரு நிகழ்வு ஆய்வு

2010இல் வெளியான ஓர் ஆய்வின் முடிவு இது. நீலகிரி மாவட்டம் கூடலூர் பகுதியில் மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்த ஆதிவாசிக் குடும்பங்களில் ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டவர்களின் விகிதம், சேராத ஆதிவாசிக் குடும்பங்களைவிட 2.2 மடங்கு அதிகம். ஐந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பங்களை ஓராண்டு முழுக்க, வாராவாரம் விசாரித்து எடுத்த கணக்கு. இரு தரப்புக்கும் இடையே இருந்த மற்ற வேறுபாடுகளைக் கழித்துப் பார்த்த பிறகும் அந்த இடைவெளி அப்படியே நின்றது.

வேறொரு ஊராக இருந்தால் காப்பீட்டு நிறுவனம் இதைப் பார்த்து முகம் சுளிக்கும். "காசு கட்டியாச்சு, நாலு நாள் படுத்துவிட்டு வருவோம்" என்று மக்கள் சலுகையைச் சுரண்டுகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். கூடலூரில் அப்படிப் படிக்க முடியாது. அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பு இதே மக்களில் பலர், பிரசவத்தில் இரத்தப்போக்கு நிற்காவிட்டாலும், குழந்தைக்குப் பேதி முற்றிக் கண் உள்ளே போனாலும், ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை. சேர வேண்டியவர்கள் சேர ஆரம்பித்தார்கள் என்பதுதான் அந்த 2.2க்குப் பொருள். அதைக் காப்பீடு மட்டும் சாதித்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. காப்பீடு வந்தது 1992இல். அதற்கு முன்பு ஏழு வருட வேலை நடந்திருந்தது. இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது அந்த வரிசையைத்தான்.

மேற்குச் சரிவு

நீலகிரி என்றால் நம்மில் பலருக்கு ஊட்டியோடு சரி. அங்கிருந்து பைக்காரா, நடுவட்டம் வழியாக ஐம்பது கிலோமீட்டர் இறங்கினால் கூடலூர். உயரம் குறைவு, மழை அதிகம். தென்மேற்குப் பருவம் பிடித்தால் தேவாலா பக்கம் வாரக்கணக்கில் விடாது. ஒரு பக்கம் கேரளத்தின் வயநாடும் மலப்புறமும், இன்னொரு பக்கம் முதுமலையைத் தாண்டினால் கர்நாடகம். கூடலூர், பந்தலூர் என்று இரண்டு தாலுக்காக்கள். தேயிலை, காபி, மிளகு, இஞ்சி. இடையிடையே காடு.

இங்கே பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், கொஞ்சம் இருளர் வாழ்கிறார்கள். எல்லோரையும் 'ஆதிவாசி' என்று ஒரே பையில் போட்டுவிடுகிறோம். உண்மையில் ஒருவர் வாழ்க்கை இன்னொருவருடையது போல இல்லை. முள்ளுக்குறும்பருக்கு ஓரளவு விவசாய நிலம் உண்டு. காட்டுநாயக்கர் தேன், காட்டுப் பொருள் என்று வாழ்ந்தவர்கள். பணியர் பல தலைமுறைகள் நிலவுடைமையாளர்களிடம் கொத்தடிமைகளாக இருந்து, அப்புறம் தோட்டக் கூலிகளானவர்கள். நோய் இந்த வேறுபாட்டை நன்றாகவே கவனிக்கிறது. எடை குறைந்த குழந்தையும் இரத்தசோகை பிடித்த தாயும் எந்தப் பக்கம் அதிகம் என்று சொல்லவே வேண்டாம்.

இவர்களைச் சுற்றி மலையாளிக் குடியேறிகள், மவுண்டாடன் செட்டிகள், தோட்ட முதலாளிகள். இவர்களோடு 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த மலையகத் தமிழர்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசு டான்டீ தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. வந்த எல்லோருக்கும் இடம் வேண்டியிருந்தது. சுருங்கியது ஆதிவாசிகளின் நிலம்.

நிலத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது. நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம (பரம்பரை) நில உடைமையை ஒழிக்க 1969இல் சட்டம் வந்தது. வழக்குகள் முடியாமல் பெரும் பரப்பு இன்றும் அந்தச் சட்டத்தின் 'பிரிவு 17' என்ற பெயரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. பட்டா இல்லை. பட்டா இல்லாததால் பல இடங்களில் மின் இணைப்பு இல்லை, முறையான சாலை இல்லை. சாலை இல்லாத குடியிருப்பிலிருந்து நோயாளியைக் கம்பில் துணி கட்டித் தூக்கித்தான் வர வேண்டும். அந்திக்கு மேல் வழியில் யானை நிற்கும். 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்தது பெரிய மாற்றம்தான், மறுப்பதற்கில்லை. ஆனாலும் அது வந்து நிற்பது தார்ச்சாலை முடியும் இடத்தில்.

தூரம் இப்படி. பணம் அடுத்தது. மூன்றாவது ஒன்று உண்டு, அதைப் பற்றி அறிக்கைகளில் ஒரு வரிகூட வருவதில்லை. பணியரின் பேச்சு மலையாளத்துக்கு நெருக்கமானது, பெட்டக்குறும்பரின் பேச்சில் கன்னடத்தின் சாயல் உண்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு தமிழில், மருத்துவர் எழுதுவது ஆங்கிலத்தில். எங்கே நிற்பது, யாரிடம் சீட்டு வாங்குவது என்று புரியாமல் வரிசையின் கடைசியில் ஒதுங்கி நிற்பவரை, "எத்தனை தடவை சொல்றது" என்று ஒரு அதட்டு அதட்டினால் போதும். அடுத்த முறை வர மாட்டார். அவர் மட்டுமல்ல, அவரது குடியிருப்பே வராது. இன்னொரு பயமும் இருந்தது: ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டால் உடலை ஊருக்குக் கொண்டு வருவது எப்படி? வண்டிக்குக் காசு ஏது? சொந்த மண்ணில் புதைக்க முடியாமல் போவதைவிட வீட்டிலேயே செத்துப்போவது மேல் என்று நினைப்பதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. கையில் இருப்பதை வைத்துப் போட்ட கணக்கு அது.

ஊர்வலத்துக்குப் பிறகு தடுப்பூசி

ஸ்டான் தேக்கேகராவும் மாரி தேக்கேகராவும் 1985இல் 'அக்கார்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நோக்கம் மருத்துவம் அல்ல, நில உரிமை. ஊர் ஊராகச் சங்கங்கள் உருவாகி, அவை ஆதிவாசி முன்னேற்ற சங்கமாகச் சேர்ந்தன. 1988 டிசம்பர் 5 அன்று ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் கூடலூர் நகரத்துக்குள் ஊர்வலமாக வந்தார்கள். அதுவரை சந்தை நாளில் ஓரமாக வந்து ஓரமாகத் திரும்பிப் போனவர்கள், நடுரோட்டில் நடந்தார்கள். கூடலூர்க்காரர்கள் அந்த நாளை இன்னமும் பேசுகிறார்கள்.

அதற்கு ஓராண்டு முன்பு, 1987இல், மருத்துவத் தம்பதியான என். தேவதாசனும் ரூபா தேவதாசனும் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் முதலில் கட்டடம் கட்டவில்லை. ஊர்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்துச் சுகாதார ஊழியர்களாகப் பயிற்சி கொடுத்தார்கள். பலருக்குப் பள்ளிப்படிப்பு குறைவு. உப்பு-சர்க்கரைக் கரைசல் கலக்குவது, குழந்தைகளை எடை போடுவது, ஊரில் யார் கர்ப்பம் என்று தெரிந்து வைத்திருப்பது, தடுப்பூசி நாளன்று வீடு வீடாகப் போய்க் கூட்டி வருவது. இதில் புதுமை ஒன்றும் இல்லை, எல்லாம் ஆரம்ப சுகாதாரப் பாடப்புத்தகத்தில் உள்ளவை. ஆனால் சொன்ன ஆள் வேறு. வெளியிலிருந்து வந்த நர்ஸ் ஊசி போட வந்தால் காட்டுக்குள் ஓடிப் போனவர்கள், தங்கள் அக்காவோ சித்தப்பாவோ கூப்பிட்டால் வந்தார்கள்.

அப்புறம்தான் சிக்கல் தொடங்கியது. சுகாதார ஊழியர் வேலையைச் சரியாகச் செய்யச் செய்ய, ஆபத்தான கர்ப்பங்களும் முற்றிய நிமோனியாவும் முன்பே கண்ணில் பட ஆரம்பித்தன. கண்டுபிடித்தாயிற்று, சரி, எங்கே அனுப்புவது? அரசு மருத்துவமனை இருந்தது. கூட்டிப் போன ஊழியருக்கே அங்கே ஓரமாக நிற்கும் நிலை என்றால், நோயாளி அவரை நம்பி இரண்டாம் முறை வருவாரா? தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனால் கடன். சமூக சுகாதாரம் பேசுகிறவர்கள் பலருக்கு ஆஸ்பத்திரி என்றாலே கொஞ்சம் இளக்காரம் உண்டு, 'நோய் வராமல் தடுப்பதே மேல்' என்பார்கள். கூடலூர் எனக்குக் காட்டுவது வேறு. கீழ்மட்ட வேலை நன்றாக நடந்தால் ஆஸ்பத்திரியின் தேவை கூடும். அந்த ஆஸ்பத்திரி இல்லாவிட்டால் கீழ்மட்ட வேலையின் மீதிருந்த நம்பிக்கையும் உடையும்.

1990இல் மகப்பேறு மருத்துவர் ஷைலா தேவியும் அறுவை மருத்துவர் நந்தகுமார் மேனனும் கூடலூர் வந்தார்கள். நந்தகுமார் அமெரிக்காவில் அறுவைப் பயிற்சி பெற்றவர். அதே ஆண்டில் 'அஸ்வினி' என்ற அமைப்பின் கீழ் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை சிறிய அளவில் தொடங்கியது. ஒரு மகப்பேறு மருத்துவர், ஓர் அறுவை மருத்துவர். இந்தச் சேர்க்கை அமைந்ததை நல்ல நேரம் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு தாலுக்கா ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றும் வேலையில் பெரும் பகுதி இந்த இருவரின் கையில்தான் இருக்கிறது.

இன்னொரு முடிவு, என் பார்வையில் கட்டடத்தைவிடப் பெரியது. நர்ஸ்களாக ஆதிவாசிப் பெண்களையே பயிற்றுவிப்பது. பள்ளியைப் பாதியில் விட்ட பெண்களுக்கு மருத்துவமனைக்குள்ளேயே பாடம் சொல்லி, வார்டு வேலையும் பிரசவமும் ஆய்வுக்கூட வேலையும் கற்றுக்கொடுத்தார்கள். உள்ளே நுழையும் பணியப் பெண்ணுக்கு முதலில் கேட்பது அவள் பேச்சு. கூட வரும் குடும்பத்தை யாரும் விரட்டுவதில்லை. ஆதிவாசிக் குடும்பத்தில் ஒருவருக்கு நோய் என்றால் நாலைந்து பேர் சேர்ந்தே வருவார்கள். 'ஒரு அட்டெண்டர்தான்' என்ற விதி நகரத்து ஆஸ்பத்திரியில் ஒழுங்கு, இங்கே அது நோயாளியைத் திருப்பி அனுப்பும் வழி. தேவாலா, அய்யன்கொல்லி, எருமாடு, ஸ்ரீமதுரை என்று பகுதிவாரியாகச் சிறு மையங்கள் அமைந்தன. ஊரில் ஊழியர், பகுதியில் மையம், நகரத்தில் மருத்துவமனை. நோயாளி ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும்போது தெரிந்த முகம் ஒன்று கூடவே இருந்தது.

காப்பீடு

1992இல் பொதுத்துறை நிறுவனமான நியூ இந்தியா அஷ்யூரன்ஸுடன் சேர்ந்து குழுக் காப்பீடு தொடங்கியது. இந்தியாவில் ஏழைகளுக்கான காப்பீட்டைப் பற்றி அரசுகள் பேச ஆரம்பிப்பதற்குப் பல வருடங்கள் முந்தைய காரியம். ஆஸ்பத்திரிச் செலவோடு மரணம், குடிசைச் சேதம் ஆகியவையும் அதில் அடங்கின. பின்னால் ராயல் சுந்தரம் நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஆனது.

சேரத் தகுதி: சங்க உறுப்பினராக இருக்க வேண்டும். தனி ஆளாகச் சேர முடியாது, குடும்பமாகத்தான். நோயாளியை மட்டும் சேர்த்துவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ளும் வழியை அது அடைத்தது. சந்தாவின் ஒரு பகுதியை மக்கள் கட்டினார்கள். கூலி கையில் புழங்கும் மாதத்தில், ஊழியர்கள் ஊரிலேயே வசூலித்தார்கள்.

"நோயே வரவில்லை, கட்டின காசு என்ன ஆச்சு?" என்ற கேள்வி ஊர்க் கூட்டங்களில் எழத்தானே செய்யும். இந்தக் கேள்வியைக் காப்பீட்டு முகவர் ஒருவர் எதிர்கொண்டிருந்தால் திட்டம் அங்கேயே படுத்திருக்கும். சங்கம் சொன்ன பதில் வேறு: இந்த வருடம் உன் காசில் அடுத்த ஊர்ப் பெண்ணுக்குப் பிரசவம் ஆனது. ஒன்றாக ஊர்வலம் போனவர்களிடம் அந்தப் பதில் எடுபட்டது.

அதைவிட நுட்பமான ஏற்பாடு ஒன்று உண்டு. காப்பீட்டு நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் வழக்கம்போல் விலக்குகளும் உச்சவரம்பும் இருந்தன. இது சேராது, அது சேராது, இதற்கு மேல் கிடையாது. அந்த விலக்குகளை மக்கள் தலையில் ஏற்றவில்லை. உறுப்பினர் வந்தால் சிகிச்சை, அவ்வளவுதான். நிறுவனம் தராத பகுதியை மருத்துவமனையும் அக்கார்டும் வேறு வழிகளில் சமாளித்தன. ஆதிவாசி அல்லாதவர்களும் அங்கே சிகிச்சைக்கு வரலாம், கட்டணம் கட்ட வேண்டும். எனவே நோயாளியின் பார்வையில் திட்டம் ஒரே வரிதான்: காப்பீட்டுச் சந்தா கட்டியிருந்தால் நம் ஆஸ்பத்திரியில் காசு கேட்க மாட்டார்கள். இந்தியாவில் எத்தனை காப்பீட்டுத் திட்டங்களை ஒரே வரியில் சொல்லிவிட முடியும்?

இதன் பலனை இன்னொரு கணக்கு காட்டுகிறது. தேவதாசன் குழுவினர் 2007இல் கூடலூர் திட்டத்தையும் சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான குஜராத்தின் சேவா அமைப்பின் திட்டத்தையும் ஒப்பிட்டார்கள். ஆஸ்பத்திரிச் செலவால் நிலைகுலைந்து போயிருக்கக்கூடிய குடும்பங்களின் எண்ணிக்கையை இரண்டு திட்டங்களுமே பாதியாகக் குறைத்திருந்தன. ஆனால் காப்பீடு இருந்தும், அனுமதிக்கப்பட்டவர்களின் குடும்பங்களில் அப்படி நிலைகுலைந்தவை கூடலூரில் ஏறக்குறைய 4 சதவீதம், சேவாவில் 23 சதவீதம். சேவாவில் பெண்கள் முதலில் கையிலிருந்து கட்டிவிட்டு, அப்புறம் ரசீதோடு பணம் கேட்க வேண்டும். சிகிச்சைக்குப் போன இடமும் பெரும்பாலும் தனியார். கூடலூரில் கையில் காசே இல்லாமல் உள்ளே போகலாம். அஸ்வினிக்கு லாபம் பார்க்கும் அவசியமும் இல்லை. சேவாவைக் குறைத்துச் சொல்ல இதைச் சொல்லவில்லை. சொந்த மருத்துவமனை இல்லாத எந்தத் திட்டமும் அந்த இடத்தில் மாட்டிக்கொள்ளத்தான் செய்யும்.

குறையும் இருந்தது. சங்க உறுப்பினர்களிலேயே பெரும் பகுதியினர் காப்பீட்டில் சேராமல் நின்றார்கள். வசூல் நாளில் கையில் காசு இல்லாதவர், ஊழியர் வந்தபோது ஊரில் இல்லாதவர், கூலிக்குக் குடகுப் பக்கம் போனவர். ஆண்டுக்குச் சில பத்து ரூபாய்தான் சந்தா. அந்தத் தொகைகூட எட்டாத வீட்டுக்குத்தான் காப்பீடு அதிகம் தேவைப்பட்டது. பங்களிப்பு இருந்தால்தான் சொந்தம் என்ற உணர்வு வரும் என்பார்கள். இருக்கலாம். ஆனால் மிக ஏழையை வெளியே நிறுத்தும் விலையும் அதற்குள் இருக்கிறது. இந்த முடிச்சைக் கூடலூர் முழுதாக அவிழ்த்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அரிவாள் செல்

ஒரு நோயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் இதில் ஒன்றுகூடுகிறது. அரிவாள் செல் இரத்தசோகை இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது நீலகிரியில், 1952இல். லேமன், கட்புஷ் என்ற இருவர் இந்த மலை மக்களின் இரத்தத்தைச் சோதித்து எழுதினார்கள். அந்தக் கண்டுபிடிப்பு உலக மருத்துவ இதழில் வந்தது. நோயாளிக்குச் சிகிச்சை வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்தால் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கடத்தி, பெரும்பாலும் தொந்தரவு இருக்காது. இரு கடத்திகள் மணந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு வாய்ப்பு. இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்து நுண்குழாய்களை அடைக்கும். குளிர், காய்ச்சல், உடலில் நீர் குறைவது எல்லாம் அதைத் தூண்டும். ஆடி மாத மழையில் நனைந்துகொண்டே கொழுந்து பறிக்கும் ஒருவருக்கு இதைவிட மோசமான வேலைச்சூழல் வேண்டாம். எலும்புக்குள்ளிருந்து வரும் அந்த வலியில் பெரியவர்கள்கூடக் கதறுவார்கள். ஆனால் வெளியே காயம் இல்லை, வீக்கமும் பல நேரம் இல்லை. நோயைத் தெரியாத மருத்துவருக்கு அது வாதம், மஞ்சள் காமாலை, சில நேரம் நடிப்பு. வலி ஊசி ஒன்று போட்டு அனுப்பிவிடுவார்கள்.

அஸ்வினி இதற்கென்று தனி மையம் நடத்துகிறது. ஊர்களில் பரிசோதனை, நோயாளிகளின் பதிவேடு, வலித் தாக்குதல்களைக் குறைக்கும் ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை, ஃபோலிக் அமிலம், தடுப்பூசி, திருமணத்துக்கு முன் ஆலோசனை. ஹைட்ராக்ஸியூரியா விலை உயர்ந்த மருந்து அல்ல. ஆனால் தினமும், ஆண்டுக்கணக்கில், அவ்வப்போது இரத்த எண்ணிக்கை பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும். நான்கு மாதம் வரவில்லை என்றால் யாராவது வீடு தேடிப் போக வேண்டும். மருந்தின் விலையைவிட அந்த 'யாராவது' பெரிய செலவு. அறுவைச் சிகிச்சைக்கு இத்தனை, ஸ்டென்ட்டுக்கு இத்தனை என்று விலை போடும் காப்பீட்டுப் பட்டியலில் வீடு தேடிப் போவதற்கு ஒரு வரி கிடையாது.

2023 ஜூலையில் மத்திய அரசு அரிவாள் செல் ஒழிப்புத் திட்டத்தை 2047 இலக்கோடு தொடங்கியது. நல்லது. பரிசோதனை முடிவைச் சொல்லும் அட்டை கொடுப்பதும் எண்ணிக்கை சேர்ப்பதும் வேகமாக நடக்கும். எனக்குள்ள கவலை, கடத்தி என்று அட்டை வாங்கிய பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்பது. பரிசோதனை முடிவோடு உட்கார்ந்து பேச அவள் மொழி தெரிந்த ஆள் வேண்டும்.

அரசின் அட்டையும் ஊட்டியின் படுக்கையும்

கூடலூர் தன் காப்பீட்டைத் தொடங்கிப் பதினேழு வருடம் கழித்து, 2009இல், தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத். இதயம், சிறுநீரகம், புற்றுநோய் என்று பெரிய செலவுக்கு இவை உண்மையாகவே உதவுகின்றன. முன்பு கோவைக்கோ கோழிக்கோட்டுக்கோ நூறு கிலோமீட்டருக்கு மேல் போய்க் கடனாளியாகத் திரும்பியவர்களுக்கு இப்போது ஒரு வழி இருக்கிறது. ஆனால் ஆதிவாசிக் குடியிருப்பில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் பட்டியலில் இருக்கும் பெரிய நோய் அல்ல. நிமோனியா, காசநோய், பிரசவ இரத்தப்போக்கு, இரண்டு நாள் தள்ளிப்போட்ட காய்ச்சல்.

அரசு தரப்பில் நடந்திருப்பவற்றையும் சொல்ல வேண்டும். மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவத்துக்கு முன்பே வந்து தங்கும் காத்திருப்பு அறைகள் நல்ல யோசனை. நீலகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் தொடங்கியது. அதன் 700 படுக்கை மருத்துவமனை 2025 ஏப்ரலில் ஊட்டியில் திறக்கப்பட்டது. அதில் 50 படுக்கைகள் பழங்குடியினருக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளன. மாவட்டத்துக்குள்ளேயே பெரிய ஆஸ்பத்திரி வேண்டும் என்பது பல வருடக் கோரிக்கை. அது நிறைவேறியதில் மகிழ்ச்சிதான்.

எருமாட்டிலிருந்து பார்த்தால் ஊட்டி தூரம், வயநாட்டின் சுல்தான் பத்தேரி கிட்டே. அவசரத்தில் மக்கள் மாநில எல்லையைப் பார்ப்பதில்லை, பஸ் எந்தப் பக்கம் போகிறது என்றுதான் பார்ப்பார்கள். ஊட்டிக்கே போனாலும் அந்தக் குளிரில் உடன் வந்தவர்கள் எங்கே தங்குவார்கள், இரண்டு நாள் கூலி போனால் வீட்டில் என்ன சமைப்பார்கள், வார்டில் பணிய மொழி பேச யார் இருப்பார்கள்? இவற்றுக்கெல்லாம் செலவு பிடிக்காத விடைகள் உண்டு. கூடலூரில் முப்பது வருடங்களுக்கு மேலாக வார்டு வேலை பார்த்த ஆதிவாசிப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலரை, அல்லது அவர்களிடம் பயின்ற இளையவர்களை, ஊட்டியில் சம்பளத்தோடு அமர்த்துவது ஓர் அரசாணையில் முடிகிற வேலை.

அஸ்வினியின் பக்கமும் கவலை இல்லாமல் இல்லை. ஆஸ்பத்திரி நடத்தும் செலவு ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது, நன்கொடை அப்படி ஏறுவதில்லை. மலையில் தங்கி வேலை செய்ய இளம் மருத்துவர் கிடைப்பது எங்கேயும் போல இங்கேயும் கடினம். அரசின் திட்டங்கள் கொடுக்கும் கட்டணம் சிகிச்சைக்கு மட்டுமே, ஊர் ஊழியரின் சம்பளம் அதில் இல்லை. தனியார் தொண்டு நிறுவனத்தை அரசு வாழ்நாள் முழுக்கத் தாங்க வேண்டுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். என் கருத்து, ஆஸ்பத்திரியை விடுங்கள், அந்த ஊழியர் வரிசையை மட்டுமாவது அரசு செலவில் நிரந்தரமாக்க வேண்டும்.

ஊட்டியின் அந்த 50 படுக்கைகளைப் பற்றி என்றாவது ஒரு கணக்கு வெளியிடுவார்கள். எத்தனை நிரம்பியது என்று மட்டும் அதில் இருந்தால் பயன் குறைவு. வந்தவர் எந்தக் குடியிருப்பிலிருந்து வந்தார், நோய் தொடங்கி எத்தனையாவது நாளில் வந்தார், பணியரும் காட்டுநாயக்கரும் அதில் எத்தனை பேர், முழுச் சிகிச்சை முடியும் முன்பே சொல்லாமல் கிளம்பிப் போனவர்கள் எத்தனை பேர். வருகைப் பதிவேட்டில் நான்கு பத்திகள் கூடுதலாகப் போட்டால் இதெல்லாம் கிடைத்துவிடும்.